யாருக்கு இந்தக் கும்பிடு?

தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பதுதான் புனித ஃபனூரியோஸின் வேலை. அந்தப் புனிதரே தொலைந்து போனால் யாரிடம் போய் முறையிடுவது?

பெத்ரினி ஊர்க்காரர்கள் அதற்கும் ஃபனூரியோஸிடமே முறையிட்டார்கள். கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவில் சாவி தொலைந்தாலும் சரி, கழுதை தொலைந்தாலும் சரி, பெண்ணுக்கு மாப்பிள்ளை தகையாவிட்டாலும் சரி, அவர் பேரைச் சொல்லி எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வால்நட்டும் போட்டு ஒரு கேக் சுட்டு, ஊருக்குப் பங்கு வைப்பார்கள். இந்த வாரம் அவரையே தேடித் தரச் சொல்லி அவருக்கே வீட்டுக்கு வீடு கேக். வழக்கை எடுத்துக்கொண்ட இக்னாத்தியோஸ், விசாரிக்கப் போன வீட்டிலெல்லாம் மரியாதைக்கு ஒரு துண்டு தின்றார். துப்பு கிடைக்கவில்லை, தொப்பைதான் கிடைத்தது.

இக்னாத்தியோஸ் துப்பறிவாளரானதே ஒரு விபத்து. பல்கலைக்கழகத்தில் வேதாகமக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரே ஒரு வினைச்சொல்லுக்குப் பாதி ஆயுளை எழுதி வைத்தவர். 'ப்ரொஸ்கினேயோ' என்பது அந்தச் சொல். குனிவது, காலில் விழுவது, முத்தமிடுவது, கும்பிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஓர் அகராதிக்காக அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை செங்கல் கனம் இருந்தது. அகராதி எழுத்து எழுத்தாக வெளிவந்து, அவருடைய எழுத்துக்கு முந்தின எழுத்தோடு பதிப்பகம் படுத்துவிட்டது. மனம் நொந்து ஊருக்கு வந்த சமயத்தில் பாதிரியாரின் ஆடு காணாமல் போனது. கல்லறைத் தோட்டத்தில் அது மேய்வதை இவர் பார்த்துச் சொன்னார். ஆடு கத்தியதால்தான் திரும்பிப் பார்த்தார் என்பது ஆட்டுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

அவருக்கு ஓர் உதவியாளர் உண்டு. ஊரின் ஒரே டாக்சியை ஓட்டும் ராலூ. சம்பளம் கிடையாது. வாயை மூடு என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம்.

"வாத்தியாரே, இந்த உசர நாற்காலியில உக்காந்திருந்தா திருடன் நேரா வந்து உங்க மடியில உக்காருவானா?" என்றாள் அவள், கோயிலுக்குள் மெழுகுவர்த்திப் புகையை விசிறிக்கொண்டே.

"பொறுமையா இரு. இங்கேயே மாட்டுவான்."

பொறுமைக்குத்தான் நேரமில்லை. நாளை ஃபனூரியோஸ் திருவிழா. இன்று பொழுது சாயும்போது மாலைப் பூஜைக்கு பிஷப் வருகிறார். திங்கட்கிழமை காலையில் கோயில் கதவைத் திறந்தபோது புனிதரின் படம் இல்லை. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. படத்தைச் சுற்றித் தொங்கிய வெள்ளி நேர்ச்சைத் தகடுகள் போட்டது போட்டபடி இருந்தன. மரப்பலகையில் வரைந்த அந்தப் பழைய படம் மட்டும் போய்விட்டது. கோயிலுக்கு ஒரே சாவி, அது விளக்குப் போடும் அமெர்சாவின் இடுப்பில் இருக்கும் சாவி.

அமெர்சா ஐம்பதைத் தாண்டிய விதவை. கோயிலை ஒட்டிய ஓர் அறைதான் அவளுக்கு வீடு. கோயில் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தபோது "நான் திருடல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்காதவளைத் திருடி என்று சொல்வது ஊருக்கு மிகச் சுலபம். பிஷப் வருவதற்குள் படம் வராவிட்டால், சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டும், மறுநாள் போலீஸில் புகார் என்று முடிவாகிவிட்டது. அவளுடைய இரண்டு பைகளும் கட்டி வாசலில் இருந்தன. உள்ளே வரும்போது இக்னாத்தியோஸ் அவற்றில் ஒன்றில் தடுக்கி விழப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்றோம்னு எனக்கும் சொன்னா, நானும் நம்புற மாதிரி நடிப்பேன்" என்றாள் ராலூ.

இக்னாத்தியோஸ் குரலைத் தாழ்த்தினார். "சுவிசேஷத்துல சிப்பாய்ங்க இயேசுவுக்கு முள்முடி வச்சுட்டு முன்னாடி மண்டி போட்டுக் கும்பிட்டாங்க இல்ல? கிண்டலுக்கு? அங்கயும் இதே ப்ரொஸ்கினேயோதான். உடம்பு குனியுது, மனசு குனியல. பாதிரியார் இப்ப தாங்கிமேல வச்சிருக்கிறது அச்சடிச்ச காகிதப் படம். நிஜப் படம் யார் வீட்டுல இருக்கோ, அவனுக்கு இதைக் கும்பிட மனசு வராது. ஊருக்காகக் குனிவான், முத்தம் குடுக்க மாட்டான். சிப்பாய்க் கும்பிடு. அவன்தான் ஆளு."

"காகிதம்னு எல்லாருக்கும்தான் தெரியும் வாத்தியாரே. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கல."

மேதைகளின் விதி இதுதான் என்று எண்ணி அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். வரிசை நகர்ந்தது. பெண்கள் சிலுவை போட்டு, குனிந்து, காகிதப் புனிதரின் கையை முத்தமிட்டார்கள். மீனவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு முத்தமிட்டார்கள். அடுத்தது அகிந்தினோஸ். சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு அர்த்தமே ஆபத்தில்லாதவர் என்பதுதான். அவர் குனிந்தார். படத்துக்கு ஒரு சாண் மேலே நின்றார். உதட்டை இறுக மூடிக்கொண்டு அப்படியே நிமிர்ந்து வெளியே நழுவினார்.

இக்னாத்தியோஸ் நாற்காலியிலிருந்து குதித்தார். முழங்கால் முரண்டு பிடித்தது. அதையும் இழுத்துக்கொண்டு முற்றத்தில் ஊரார் முன்னிலையில் அவரை மடக்கினார்.

"அகிந்தினோஸ்! ஏன் முத்தம் குடுக்கல? உள்ள என்ன மறைக்கிறீங்க?"

அகிந்தினோஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். காது சிவந்தது. "வாத்தியாரே, வேணாம்."

"மனசாட்சி குத்துதா?"

"பல் செட்டு குத்துது" என்றார் அவர் பாவமாக. "போன பெரிய வெள்ளிக்கிழமை குனிஞ்சு முத்தம் குடுத்தேன். நான் நிமிர்ந்தேன், பல்லு நிமிரல. எனக்குப் பின்னாடி வரிசையில நின்னு, அதைக் கைக்குட்டையில எடுத்துக் குடுத்ததே நீங்கதானே?"

முற்றம் சிரித்தது. பாதிரியாரின் ஆடுகூடச் சிரித்தது போல இக்னாத்தியோஸுக்குப் பட்டது. ராலூ வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கு" என்றாள். லெஸ்போஸில் ஆகஸ்ட் மாதம் மழை வந்ததே கிடையாது.

சிரிக்காதவள் அமெர்சா ஒருத்திதான். ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"போதும் வாத்தியாரே. எனக்காக நீங்க அசிங்கப்பட வேணாம்."

"எனக்கு அது பழக்கம்தான். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லேன் அமெர்சா. ஏதோ தெரிஞ்சுதான் நீ வாயைக் கட்டிக்கிட்டிருக்க."

அவள் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். "சொன்னா இன்னொரு வீடு இடியும். என்னோட போகட்டும்" என்றாள். கடைசி ஆளும் வெளியே வந்ததும் கோயில் கதவைப் பூட்டினாள். பிறகு தன் பைகளின் மேல் உட்கார்ந்து பிஷப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இக்னாத்தியோஸுக்குப் பல் செட்டு அவமானத்தைவிட அதிகமாக வலித்தது.

"கமிட்டித் தலைவரைப் பார்ப்போம். ஒரு நாள் தவணையாவது கேட்போம்" என்றார்.

"கேளுங்க. கேக்கும் குடுப்பாரு" என்று ராலூ டாக்சியை எடுத்தாள்.

கமிட்டித் தலைவர் ப்ரோத்ரோமோஸ் துறைமுகத்தடியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். வாசலை அடைக்கும் உடம்பு. அந்த உடம்பு இந்த வாரம் காற்றுப் போனது போல் தொங்கிப்போயிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. கடைக்குள் தீய்ந்த வாசனை அடித்தது. நாற்பது வருட ரொட்டிக்காரர் கடையில் தீய்ந்த வாசனை வருவது மீன் தண்ணீரில் மூழ்கியது போலத்தான்.

மாவுச் சாக்குகள் வாய் பிளந்து கவிழ்ந்து கிடந்தன. மேசை இழுப்பறைகள் வெளியே தொங்கின. பின்முற்றத்தில் ஒரு மெத்தை வயிறு கிழிந்து பஞ்சு தள்ளிக் கிடந்தது.

"என்ன மாமா இது, சுங்கச் சோதனையா?" என்றாள் ராலூ.

"எலி" என்றார் ப்ரோத்ரோமோஸ்.

கல்லாவுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி சம்பேத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கடன் ரொட்டி கொடுத்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னவள். இரண்டு மூன்று வருடமாக நினைவு ஒவ்வொன்றாக உதிர்ந்து, இப்போது புருஷனின் பெயரும் போய்விட்டது. அவள் இக்னாத்தியோஸைப் பிரியமாகப் பார்த்தாள்.

"நீ யாரு வீட்டுப் பையன்?"

"வரெல்தாஸ் வீட்டுப் பையன், அக்கா" என்றார் எழுபதை நெருங்கிய பையன்.

"ஓ. உங்கம்மாவை நேத்துதான் பாத்தேன். உனக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருக்கா."

இறந்து எவ்வளவோ காலமான அம்மா இன்னும் தளராமல் தேடுகிறாள் என்று கேட்க அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

சம்பேத்தா எழுந்தாள். கேக் வெந்துகொண்டிருந்த கண்ணாடிக் கதவு மின் அடுப்பைத் தாண்டி மூலைக்குப் போனாள். அங்கே பழைய செங்கல் அடுப்பு இரும்புக் கதவை மூடிக்கொண்டு நின்றது. அவள் அதன் முன்னால் சிலுவை போட்டாள். தரையைத் தொடும்வரை குனிந்து எழுந்தாள். விரல் நுனியை முத்தமிட்டு இரும்புக் கதவில் ஒற்றினாள். பிறகு நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். ரொட்டிக்காரர் வீட்டில் மாவுக்கும் அடுப்புக்கும் சிலுவை போடுவது வழக்கம்தான். இக்னாத்தியோஸின் கண் அதைவிட அருமையான ஒன்றின் மேல் இருந்தது. மேசையில் ஒரு முழு ஃபனூரியோஸ் கேக், இன்னும் அறுக்காமல்.

"அது விக்கிறதுக்கில்ல" என்றார் ப்ரோத்ரோமோஸ், அவர் பார்வையைப் பிடித்து.

"அதுக்குப் பின்னாடி இருக்கிறதும் விக்கிறதுக்கில்லையா?" என்றாள் ராலூ. அலமாரியில் நேற்றைய கேக் ஒன்று, முந்தாநாளைய கேக் ஒன்று, இரண்டும் அறுக்கப்படாமல் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் நகர்ந்து அலமாரியை மறைத்து நின்றார். இக்னாத்தியோஸ் அமெர்சாவுக்காகத் தவணை கேட்டார்.

"கமிட்டி முடிவு பண்ணிடுச்சு வாத்தியாரே. நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?"

"நீங்கதானே கமிட்டித் தலைவர்?"

"அதான்" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். "அதான் என்னால முடியல."

மறுபடியும் மேட்டில் ஏறியது டாக்சி. கடலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இக்னாத்தியோஸ் மடியில் கையை வைத்துக்கொண்டு தோற்றுப்போன ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாதிரி என்ன, தோற்றுத்தான் போயிருந்தார்.

"எலியைப் பிடிக்க மெத்தையைக் கிழிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் ராலூ.

"ம்."

"இன்னொண்ணு. படம் தொலைஞ்சதுக்கு ஊரே கேக் சுட்டுச்சு. ஆளுக்கு ஒண்ணு. அவரு மட்டும் தினம் ஒண்ணு சுடறாரு. சுட்டவங்க பங்கு வைக்கணும், அதானே முறை? அவரு பங்கு வைக்கல. ஏன்?"

"பங்கு வச்சா வாங்கறவன் கேப்பான், 'உங்க வீட்டுல என்ன தொலைஞ்சது'ன்னு." இக்னாத்தியோஸ் நிமிர்ந்தார். "ராலூ, அவர் எதையோ தேடறாரு. வீட்டுக்குள்ள. வெளியில சொல்ல முடியாத எதையோ."

"படத்தையா? திருடினவன் எதுக்குத் தேடணும்? தேடறவன் எதுக்குத் திருடணும்?"

"ரெண்டும் ஒரே ஆளா இருந்தா? எடுத்தவரே தொலைச்சுட்டா?"

ராலூ திரும்பி அவரைப் பார்த்தாள். "இது நல்லா இருக்கே. உங்களுக்கே தோணுச்சா?"

அதே நேரத்தில் சாலையோரத்தில் புனித நிக்கோலாவின் சின்னக் கோயில் வந்தது. ராலூவின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து சிலுவை போட்டது. டாக்சி ஓர் ஒலிவ மரத்தை நலம் விசாரிக்கப் போய், மனம் மாறித் திரும்பியது.

"கையை எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது! பேசிக்கிட்டே, என்னைப் பாத்துக்கிட்டே, கோயில் வந்ததே தெரியாம..."

"நான் எங்க எடுத்தேன்? அதுவா போகுது வாத்தியாரே. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

மனசு கவனிக்காவிட்டாலும் அந்தக் கைக்குக் கோயில் தெரிகிறதே என்று இக்னாத்தியோஸ் அதையே பார்த்தார். சிப்பாய்கள் குனிந்தது மனமில்லாமல். அந்தக் கும்பிட்டைப் பிடித்துக்கொண்டு பல் செட்டில் போய் முட்டினார். அதே சொல்லை யோவான் சுவிசேஷத்தில் கிணற்றடிச் சமாரியப் பெண் வேறு விதமாக எடுக்கிறாள். யார் கும்பிடுகிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்பதல்ல அவள் கேள்வி. இந்த மலையிலா, எருசலேமிலா, எங்கே கும்பிட வேண்டும் என்கிறாள். அவளுக்காகக் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதியவர், அந்தக் கேள்வி கண்ணெதிரே நடந்தபோது கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராலூ, மாவுக்கு எப்படிச் சிலுவை போடுவாங்க?"

"விரலால இப்படி ஒரு கீறு. அவ்வளவுதான்."

"தரையைத் தொட்டுக் குனிவாங்களா? கதவுக்கு முத்தம் குடுப்பாங்களா?"

"எதுக்கு? ரொட்டி என்ன புனிதரா?"

"அந்தப் பழைய அடுப்பை அவங்க கடைசியா எரிச்சது எப்போ?"

"கரண்ட் அடுப்பு வந்ததுலேர்ந்து சும்மாதான் கெடக்கு. காலிச் சாக்கு போட்டு வைப்பாங்க. சூடான அடுப்பை விட்டுட்டு அந்த ஜில்லுனு கெடக்குறதுக்கு ஏன் கும்பிடு..." ராலூ பிரேக்கை மிதித்தாள். இந்தத் தடவை இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. "அடக் கடவுளே. யாருக்கு அந்தக் கும்பிடு?"

டாக்சி அந்தக் குறுகலான பாதையில் திரும்பிய விதத்தை இக்னாத்தியோஸ் கண்ணை மூடிக்கொண்டதால் பார்க்கவில்லை.

கடையில் ப்ரோத்ரோமோஸ் கோட்டு மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார். இக்னாத்தியோஸ் ஒன்றும் சொல்லாமல் மூலைக்குப் போய் இரும்புக் கதவை இழுத்தார். அது வரவில்லை. மறுபடியும் இழுத்தார். ராலூ அவரை நகர்த்திவிட்டு, தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு இழுத்தாள். உள்ளே சாக்குகள். சாக்குகளுக்கு அடியில் ஒரு சமையல் துணி. துணிக்குள் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு புனித ஃபனூரியோஸ், அடுப்புக்கரி பட்டுக்கூட முகம் கோணாமல்.

ப்ரோத்ரோமோஸ் அப்படியே மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். 

"ஒரே ஒரு ராத்திரி" என்றார். "ஒரு ராத்திரி அவ தலைமாட்டுல வச்சா, அவளோட ஞாபகத்தைத் தேடிக் குடுப்பாருன்னு நெனச்சேன். சாவியைத் தேடிக் குடுக்கிறவரு இதைத் தேடிக் குடுக்க மாட்டாரா? அமெர்சாகிட்ட அழுதேன். அவதான் சாவியைக் குடுத்தா. விடியறதுக்குள்ள வச்சுடறேன்னு சொன்னேன். விடிஞ்சு பாத்தா தலைமாட்டுல இல்ல. 'எங்கம்மா வச்ச?'ன்னு கேட்டா, 'எதை?'ங்கிறா. வீட்டைப் பெயர்த்துப் போட்டேன். இந்த அடுப்பையும் தொறந்து பாத்தேன், சாக்குதானேன்னு மூடிட்டேன்."

"சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு கமிட்டியில சொல்லியிருக்கலாமே?"

"படம் கையில இல்லாம எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? இன்னைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும்னு... ஒவ்வொரு நாளும் வாய் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு." அவர் இக்னாத்தியோஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இக்னாத்தியோஸ் தலையாட்டிவிட்டார். அழுகிற பெரிய மனிதரிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. ராலூ அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒப்பந்தப்படி அவள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவள் பேசாததுதான் உறைத்தது. வழி முழுவதும் பின்சீட்டில் சம்பேத்தா படத்தை மடியில் வைத்துக் குழந்தையைப் போல் தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் ஊரே திரண்டிருந்தது. பிஷப்பின் கறுப்புக் கார் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அமெர்சா பூட்டிய கதவுக்கு முன்னால், சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

இக்னாத்தியோஸ் படத்தைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து, எல்லாக் கைகளும் சிலுவை போட்டன.

"ஆண்டகையே, படம் கிடைச்சுடுச்சு. இது வந்து..." குழந்தை எங்கே என்று சொல்லுங்கள், நானும் போய்ப் பணிந்துகொள்கிறேன் என்று ஞானிகளிடம் பொய் சொன்னானே ஏரோது, அவனும் இதே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்தினான். கட்டுரையில் அவனை அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார். "மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு."

"பொய்" என்றாள் அமெர்சா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பெட்டிக்குப் பின்னாடி தினமும் பெருக்கறது நான். திங்கட்கிழமையிலேர்ந்து திருடியா இருந்தேன். இப்ப கண்ணு தெரியாத சோம்பேறியா ஆக்கறீங்களா வாத்தியாரே? திருடியே தேவலை."

இக்னாத்தியோஸுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அது பிளக்கவில்லை. அதற்குள் அவரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு முன்னால் வந்தது. ப்ரோத்ரோமோஸ் கல் பாவிய முற்றத்தில், பிஷப் பார்க்க, பல் செட்டு அகிந்தினோஸ் பார்க்க, அமெர்சாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஏதோ சொன்னார். முகம் கல்லில் புதைந்திருந்ததால் யாருக்கும் விளங்கவில்லை.

அமெர்சா பின்வாங்கினாள்.

"எழுந்திருங்க. நானும் மனுஷிதான்."

வேதாகமத்தில் கொர்நேலியு என்ற ரோமானியப் படைத்தலைவன் காலில் விழுந்தபோது பேதுரு சொன்ன பதில் அது.  பேதுரு அதோடு நிறுத்திக்கொண்டார். அமெர்சா நிறுத்தவில்லை.

"விழறது சுலபம் ப்ரோத்ரோமோஸ். விழுந்தா மூஞ்சி தெரியாது. எழுந்து நின்னு, இவங்க எல்லாரையும் பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். ஊரைப் பார்த்துச் சொன்னார். சாவி வாங்கியதை, தலைமாட்டில் வைத்ததை, தொலைத்ததை, அவளைத் திருடி என்று சொன்னபோது தலைவர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

"நானும் பொய் சொன்னேன்" என்றார் இக்னாத்தியோஸ், யாரும் கேட்காமலே. "அடுப்புலதான் இருந்துச்சு. அதைக் கண்டுபிடிச்சதுகூட நான் இல்ல. இந்த அக்கா கும்பிட்டாங்க. நான் கேக்கைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

 பிஷப் அமெர்சாவிடம், "கதவைத் திறம்மா" என்றார்.

அமெர்சா சாவியைப் பூட்டில் போட்டாள். திருப்பவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள், பையைத் தாண்டிப் போனவர்கள், சிரித்தவர்கள் எல்லோரும் திருவிழாச் சட்டையில் நின்றார்கள். அவர்கள் நடுவில், எதற்கு இத்தனை பேர் என்று புரியாமல், சம்பேத்தா டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கக்கா" என்று அமெர்சா அவளிடம் கையை நீட்டினாள். "நீங்க முதல்ல."

கூட்டம் வழிவிட்டது. பிஷப் இரண்டாவதாக நின்றார்.